இந்த வாரம் மஞ்சளா, பச்சையா

சுவரில் ஒட்டியிருந்த மணல் கடிகாரத்தில் கடைசி மணலும் இறங்கிவிட்டது. நோலீன் ஷவரை மூடவில்லை.

பழக்க தோஷத்தில் கை குழாய்ப் பக்கம் போனது உண்மைதான். பாதி வழியில் நின்றுவிட்டது. யாருக்காக மூட வேண்டும்? சற்று முன்னால்தான் அடக்கக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து, அவள் புருஷன் மெர்வின் உடலைச் சக்கரக் கட்டிலில் வைத்து, வாசல் நிலையில் இடிக்காமல் பதமாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். காலடியில் இருந்த வாளியை அவள் காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். வெந்நீர் தோளில் விழுந்து முதுகில் வழிந்து, வாளிக்குள் சேராமல், நேராகச் சாக்கடைக்குப் போனது. அவ்வளவு சுகமாக இருந்தது. புருஷன் போன அன்றைக்கு இப்படிச் சுகமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் சீக்கிரம் போய்விட்டது.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா? உள்ள ஒண்ணும் ஆகலையே?" மகன் கிராண்ட்.

"குளிக்கிறேன்டா."

"இவ்ளோ நேரமாவா?"

"ஏன், உங்கப்பா அனுப்பிச்சாரா உன்னை?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பது கேட்டது. காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அந்த மணல் கடிகாரம் பெரிய வறட்சி வந்தபோது அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்தது. மணல் இறங்க நாலு நிமிஷம். அதற்குள் குளித்து முடித்துவிட வேண்டும் என்று கணக்கு. வறட்சி முடிந்தது, மழை வந்தது, ஒரு வருஷம் வெள்ளமே வந்தது. மற்ற வீடுகளில் அந்தக் கடிகாரம் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாகிக் காணாமலே போனது. மெர்வ் வீட்டில் மட்டும் அது சுவரை விட்டு இறங்கவில்லை. கூரையில் மழை அடித்துப் பெய்கிற நாளிலும் அவர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைப்பார்.

"மெர்வ், வெளிய ஊரே மிதக்குது" என்று நோலீன் உள்ளேயிருந்து கத்துவாள்.

"ஊரு மிதக்கட்டும், நோல். நீ வெளிய வா."

வாளியில் சேர்ந்த தண்ணீர் பின்கட்டு எலுமிச்சை மரத்துக்கு. தயிர் டப்பா, ஜாம் பாட்டில் எல்லாம் கழுவிக் காய்ந்த பிறகுதான், மறுசுழற்சிக்கு எடுக்கிற மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிக்குப் போகும். உரமாகிற புல், இலை, வெட்டிய கிளை பச்சை மூடிக்கு. வேறு வழியே இல்லாததுதான் சிவப்பு மூடிக்கு. ரொட்டிப் பைகள்கூட உள்ளும் புறமும் திருப்பப்பட்டு, உள்ளாடைகளுக்குப் பக்கத்தில் கொடியில் தொங்கின. சட்டம் போட்டது மெர்வ். கழுவினதும் காயப்போட்டதும் நோலீன். இந்த உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையில் பாதிக்கு மேல் தன் கையால்தான் நடந்தது என்று அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

சிரிப்பு எதில் என்றால், மெர்வ் ஆயுள் முழுக்கப் பார்த்தது நிலக்கரி வேலை. கடலோர ஊரான ஸ்டாக்டனில் அவர்கள் தெருக் கோடியில்தான் கப்பல்கள் போய்வருகிற துறைமுகக் கால்வாய். சுரங்கத்திலிருந்து ரயிலில் வந்து கொட்டுகிற கரியைக் கப்பலில் ஏற்றுகிற இயந்திரத்தின் மேல் கூண்டில் உட்கார்ந்து, ஒரு கப்பல் நிரம்பினால் அடுத்த கப்பல் என்று ஏற்றிக்கொண்டே இருந்தார். இந்த வீடு அந்தக் கரி. கிராண்டின் படிப்பு, அவன் பல்லுக்குப் போட்ட கம்பி, நோலீனின் தையல் இயந்திரம் எல்லாம் அந்தக் கரி. ஷிப்ட் முடிந்து கறுத்த கழுத்தோடு வீட்டுக்கு வந்து, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிகிறதென்று கத்துவார். பிறகு நாலு நிமிஷத்தில் குளிப்பார். கழுத்தில் கரி அப்படியே இருக்கும்.

கிராண்டும் கரிக்குத்தான் போனான். பள்ளத்தாக்கில் உள்ளே தள்ளி ஒரு சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டுகிறான். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, இறால் ஓட்டை எந்தத் தொட்டியில் போடுவது என்பதில் ஆரம்பித்த பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

"அப்பா, நீங்க ஏத்தி அனுப்பின ஒரே ஒரு கப்பல் போதும். நீங்க ஆயுசுக்கும் கழுவின டப்பா எல்லாம் அதுல காணாமப் போயிடும். உங்களுக்கே தெரியும். அப்புறம் எதுக்கு அம்மாவைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

மெர்வுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர். அன்றைக்கு எழுந்து, இறால் ஓடுகளைக் காகிதத்தில் சுற்றி, உறைபெட்டியில் வைத்தார், குப்பை எடுக்கிற நாள் வரை நாற்றமடிக்காமல் இருக்க. அந்த முதுகைப் பார்த்தபோது நோலீனுக்கு மகன்மேல் கோபம் வந்தது. மகன் சொன்னது தப்பில்லையே என்றும் இருந்தது. இரண்டையும் அவள் விழுங்கிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் வியாதி. கடைசி மாதங்களில் வீடு முழுக்க ஒருமுறை போட்டு எறிகிற சாமான்கள். கையுறை, ஊசிக் குழாய், படுக்கையில் விரிக்கிற பஞ்சுத் துணி. எதையும் கழுவக் கூடாது, எதையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மெர்வின் கட்டில் ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் வேலியோரம் நிற்கிற மூன்று தொட்டிகளும் தெரியும்.

"நம்ம சிவப்பு மூடி மூடவே மாட்டேங்குதே, நோல்."

"கண்ணை மூடிப் படு."

"ஒரு மனுஷன் சாகுறதுக்கு இவ்ளோ குப்பையா?"

நாளாக ஆக அதிலும் அவருக்கு விளையாட்டு வந்துவிட்டது. அட்டைப் பெட்டியில்தான் தன்னை அடக்க வேண்டும் என்று ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது, "பெட்டி மஞ்சள் மூடி, நான் பச்சை மூடி. மாத்திப் போட்டுடாத கிழவி" என்றார். நர்ஸ் சிரித்து முடித்துவிட்டு வெளியே போய் அழுதாள்.

இன்றைக்கு விடிகிற நேரத்தில் அவர் தெளிவாகக் கண்ணைத் திறந்து கேட்டார்: "நோல், இதெல்லாம் ஏதாவது பிரயோஜனப்பட்டுச்சா?"

வலிக்கு அப்போதுதான் மருந்து ஏற்றியிருந்தது. நோலீன் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். "ஆமா மெர்வ். நல்லா வேலை செய்யுது. சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு நர்ஸ் சொன்னா."

அவர் அவளையே பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பு மாதிரிதான் இருந்தது. பிறகு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது.

அவர் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை என்பது அவளுக்கு ஷவருக்கு அடியில் நின்றபோதுதான் உறைத்தது. உறைத்த பிறகு வெந்நீரின் சுகம் கொஞ்சம் குறைந்துபோனது. சரி, அப்போதே புரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பிரயோஜனப்பட்டது என்று பொய் சொல்லியிருப்பாளா? மெர்வுக்கு அவளுடைய பொய் நன்றாகத் தெரியும். இல்லை என்று சொல்ல அவளால் முடியுமா? கழுவின கை அவளுடையது. அந்த ஒரு கேள்விக்கு அவளிடமே பதில் இல்லை. பதில் இல்லாமல் அந்த மனிதரை அனுப்பிவிட்டோம் என்பதுதான் அவளை அரித்தது. சாவைக்கூட அவளால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. அவர் பட்ட வலிக்கு, அது முடிந்தது நல்லதுதான் என்று நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியே இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு டாலியா வந்தாள். கைக்குழந்தைக்காரி. இடுப்பில் பிள்ளையும் கையில் சாப்பிட ஒரு தட்டு லசானியாவுமாக வாசலில் நின்றாள்.

"தட்டு திருப்பித் தர வேணாம் நோலீன். அலுமினியத் தட்டுதான், தூக்கிப் போட்டுடுங்க." சொன்ன வேகத்தில் அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "ஐயோ, சாரி."

"பரவாயில்லம்மா. அவருக்குக் கேக்காது."

கிராண்டும் அவளும் லசானியாவைத் தட்டிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் நோலீன் எழுந்து, தட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். அவர்கள் வீட்டில் அலுமினியத் தாள் துணுக்கையெல்லாம் கழுவி, ஒன்றோடொன்று சேர்த்து உருட்டி, கைக்கு அடங்காத உருண்டையாகிற வரை ஜன்னலில் வைத்திருப்பார்கள். சின்னத் துண்டாகப் போட்டால் குப்பை பிரிக்கிற இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாதாம். பாதி வளர்ந்த ஓர் உருண்டை இப்போதும் அங்கே இருந்தது.

குழாயைத் திறக்கப் போனவள் திறக்கவில்லை. தக்காளிக் குழம்பு ஒட்டியிருந்த தட்டை அப்படியே இரண்டாக மடித்து, வெளியே போய், சிவப்பு மூடியைத் தூக்கி உள்ளே போட்டாள். வானம் இடிந்து விழவில்லை.

"நாளைக்குக் குப்பை வண்டி வருமேம்மா" என்றான் கிராண்ட் பின்னாலேயே வந்து. "நான் வெளிய தள்ளுறேன். இந்த வாரம் எது?"

சிவப்பு வாராவாரம் போகும். மற்ற இரண்டில் ஒரு வாரம் மஞ்சள், மறு வாரம் பச்சை. எந்த வாரம் எது என்பது மெர்வின் தலைக்குள் இருந்தது. இத்தனை வருஷத்தில் நோலீன் அதை யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. அவளுக்கு அவர் சொன்னது ஞாபகம் வந்தது: நான் பச்சை மூடி.

"பச்சை" என்றாள். "நீ விடு, நானே தள்ளுறேன்."

சிவப்பு, பச்சை இரண்டையும் ஒவ்வொன்றாகத் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டு போய், மெர்வ் நிறுத்துகிற மாதிரியே கைப்பிடி வீட்டைப் பார்க்கும்படி, நடுவே ஓர் ஆள் இடைவெளி விட்டு நிறுத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுத் தொட்டி உருளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதற்கடுத்த வீடு. சக்கரச் சத்தம் தெருவோடு போய்க்கொண்டே இருந்தது. வாராவாரம் கேட்கிற சத்தம்தானே என்று அவள் தொலைக்காட்சியைப் போட்டாள்.

காலையில் கிராண்டின் குரல்தான் எழுப்பியது. "அம்மா, சீக்கிரம் வெளிய வாயேன். வந்து பாரு."

கவுனைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் குப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் பெரிய இயந்திரக் கையை நீட்டியபடி, எதையும் தூக்காமல். தெருவின் இரண்டு பக்கமும், கோடி வரைக்கும், வேறு வண்டி எடுக்கிற சிவப்புக்குப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பச்சை மூடி. ஒரு மஞ்சள் கிடையாது.

வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார். நரைத்த தாடி, கண்ணில் தூக்கம். "என்ன ஆச்சு இந்தத் தெருவுக்கு? இன்னிக்கு மஞ்சள். பச்சை போன வாரமே எடுத்தாச்சு."

எதிர்வீட்டு ட்ரெவர் அரைக் கால்சட்டையோடு வந்துவிட்டான். ஓய்வுபெற்ற தபால்காரன். மெர்வோடு வேலியோரம் நின்று நாள் தவறாமல் சண்டை போட்டவன். "என்னைக் கேக்காதீங்க. நான் இந்த வீட்டைப் பாத்துதான் வெச்சேன்."

"நானும் இவங்களைப் பாத்துதான்" என்றாள் டாலியா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"நான் ட்ரெவரைப் பாத்தேன்" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

"ஏன், உங்க யார் வீட்லயும் காலண்டர் கிடையாதா?" என்றான் கிராண்ட்.

"காலண்டர் எதுக்கு?" ட்ரெவர் அவனை முறைத்தான். "மெர்வ் இருக்காரு."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது.

வண்டிக்காரர் தெருவை ஒரு தரம் பார்த்தார். "எங்க அவரு? நான் ஒரு தொட்டியை விட்டுட்டுப் போனாலே கையை ஆட்டிக்கிட்டு ஓடி வருவாரே."

"நேத்து போயிட்டாரு" என்றாள் நோலீன்.

அவர் தொப்பியை எடுத்தார். எஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் தெருவில் கடல் இரைவது கேட்டது. தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டு, "நான் அடுத்த தெருவெல்லாம் முடிச்சிட்டுச் சுத்தி வர்றேன். அதுக்குள்ள மாத்தி வைங்க" என்றார்.

அவ்வளவுதான், தெரு பிடித்துக்கொண்டது. கவுனோடும் உள்பனியனோடும் ஆட்கள் பச்சையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி, மஞ்சளைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். டாலியா குழந்தையை நோலீன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ட்ரெவரின் தொட்டி சாய்ந்து சாமான்கள் தெருவில் உருண்டன. கிராண்ட் ஒரு தயிர் டப்பாவைக் குனிந்து எடுத்தவன், அதன் உள்ளே பார்த்தான். பளிச்சென்று கழுவியிருந்தது.

"என்ன ட்ரெவர், நீங்களுமா கழுவுறீங்க?"

"கழுவாம? உங்கப்பன் மூடியைத் தூக்கித் தூக்கிப் பாப்பான். ஒரு நாள் என் மீன் டப்பாவை எடுத்துட்டு வந்து கதவைத் தட்டினான், பொண்டாட்டி முன்னாடி மானமே போச்சு." ட்ரெவர் மூச்சு வாங்கினான். "எனக்கு இதுல நம்பிக்கை எல்லாம் கிடையாதுப்பா. இந்த டப்பாவைக் கழுவி உலகம் பொழைச்சிடுமா? பழகிப் போச்சு. இப்ப கழுவாமப் போட்டா எனக்கே நாத்தமடிக்குது."

நோலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கையில் இருந்த குழந்தை அவள் முகத்தைப் பார்த்து அதுவும் சிரித்தது. உலகத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்? இந்தத் தெருவே அந்த மனிதருடைய தொட்டியைப் பார்த்துத் தன் தொட்டியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நேற்று அவள் தப்பாக வைத்த பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்டதற்கு அவள் ஆமாம் என்றுதானே சொன்னாள்? நல்லா வேலை செய்யுது, சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போனார். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நெஞ்சு லேசாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தெருக் கோடியில் வெளிச்சம் மறைந்தது. கரி ஏற்றிய கப்பல் ஒன்று, தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து, இரண்டு இழுவைப் படகுகளோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடுகளுக்கு நடுவே இருந்த இடம் முழுக்க அடைத்துக்கொண்டு அது போக வெகுநேரம் பிடித்தது. தெருவில் எல்லோரும் அவரவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கிராண்டும் பார்த்தான். போன கிறிஸ்துமஸில் சொன்னதை இப்போதும் சொல்வானோ என்று நோலீன் அவனையே கவனித்தாள். கப்பலின் பின்பக்கம் மறைந்ததும், அவன் கையிலிருந்த தயிர் டப்பாவை ட்ரெவரின் தொட்டியில் போட்டு, மூடியை அழுத்திச் சாத்தினான்.

வண்டி திரும்பி வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தப் பெரிய கை மஞ்சள் மூடித் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்து இறக்கியது. மெர்வ் வீட்டு வாசலில் வண்டிக்காரர் ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அட்டைப் பெட்டி பார்க்க அடக்கக் கம்பெனிக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் நோலீன் குளிக்கப் போனாள். ஓரத்தில் தள்ளியிருந்த வாளியை இழுத்து ஷவருக்கு நேராக வைத்தாள். மணல் கடிகாரத்தைத் திருப்பினாள். மணல் இறங்கி முடிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு தரம் திருப்பினாள்.

உடம்பைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அவளால் தூக்க முடியாத கனம். மெல்ல நகர்த்திக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, கறுப்பு உடை எடுக்க அறைக்குள் போனாள். பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது கிராண்ட் பின்கட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எலுமிச்சை மரத்தடியில் தண்ணீர் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, மண்ணில் இறங்குகிற சத்தம்.